கூரையிலிருந்து தொடங்குங்கள்: லண்டன் கல்லறை மண்டபங்களின் பொறுப்பாளர்களுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய அறங்காவலர்களுக்கும், பகுதி மன்ற அதிகாரிகளுக்கும், முன்னோர் கட்டிய மண்டபத்தின் சாவியை இன்னும் கையில் வைத்திருக்கும் குடும்பத்தாருக்கும்,

வணக்கம்.

1833 முதல் 1841 வரை லண்டனைச் சுற்றி ஏழு பெரிய கல்லறைத் தோட்டங்கள் திறக்கப்பட்டன: கென்சல் கிரீன், மேற்கு நார்வுட், ஹைகேட், ஏப்னி பார்க், நன்ஹெட், பிராம்ப்டன், டவர் ஹாம்லெட்ஸ். ஊருக்குள் இருந்த தேவாலய முற்றங்களில் பிணத்தின் மேல் பிணமாகப் புதைத்து இடமே இல்லாமல் போன பிறகு, தனியார் நிறுவனங்கள் அமைத்த தோட்டங்கள் இவை. பணம் படைத்த குடும்பங்கள் அங்கே ஆறடிக் குழியோடு நிற்கவில்லை. கூரையும் கதவும், உள்ளே சவப்பெட்டி வைக்கும் தட்டுகளும் உள்ள கல்வீடுகளையே கட்டிக்கொண்டன. அந்தக் கல்லறை மண்டபங்கள் இன்று உங்கள் பொறுப்பில் இருக்கின்றன. அவற்றுக்கான பழுதுபார்ப்புப் பணம் எப்போதோ ஒருமுறைதான் வருகிறது. வந்தவுடன் கருத்த கல்லை வெளுக்கவும் கதவுக்கு மெருகு ஏற்றவும் மனம் போகிறது. கூரை அடுத்த தவணைக்குத் தள்ளிப்போகிறது. இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

ஹைகேட்டின் மேற்குத் தோட்டத்தில் இருக்கும் ஜூலியஸ் பியர் மண்டபத்தை எடுத்துக்கொள்வோம். அப்சர்வர் ஞாயிறு இதழின் உரிமையாளராக இருந்தவர் பியர். 1875இல் எட்டு வயதில் இறந்த மகள் ஏடாவின் நினைவைத் தாங்கி, 1870களின் பிற்பகுதியில் எழுந்தது இந்த மண்டபம். கட்டடக் கலைஞர் ஜான் ஓல்ட்ரிட் ஸ்காட். கி.மு. நான்காம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியில் போத்ரும் என்று வழங்கும் ஹாலிகார்னசஸ் நகரில், மசோலஸ் என்ற ஆட்சியாளருக்கு எழுப்பிய சமாதிதான் இதற்கு மாதிரி. ஆங்கிலத்தில் இவ்வகைக் கட்டடத்துக்கு வழங்கும் ‘மசோலியம்’ என்ற பெயரே அவர் பெயரிலிருந்து பிறந்ததுதான். சதுர அடித்தளம், கனத்த சுவர், மேலே படிப்படியாகக் குறுகிச் செல்லும் கூம்புக் கூரை. உள்ளே பொன்னும் நீலமுமாக மொசைக் விதானம். தேவதை குனிந்து குழந்தையைத் தூக்கி எழுப்புவதாகச் சிற்பி ஆர்ம்ஸ்டெட் செதுக்கிய சிற்பம். வழிப்போக்கர் கண்ணுக்கு ஒரே பாறையில் குடைந்தது போலத் தோன்றும். வேலை தெரிந்தவர் கண்ணுக்கு முதலில் படுவது மூட்டுகள்.

படிக்கூரையின் ஒவ்வொரு படியும் மழை நிற்கும் ஒரு தட்டு. கல்லும் கல்லும் சேரும் செங்குத்து மூட்டு ஒவ்வொன்றும் அந்தத் தட்டிலிருந்து தண்ணீர் இறங்கும் வாசல். நல்ல கைவேலையில் மேல்படிக் கல் கீழ்படிக் கல்லின் மேல் சற்று ஏறி அமர்ந்திருக்கும். படியின் மேற்பரப்பு வெளிப்பக்கம் சிறிது சரிந்திருக்கும். விளிம்பின் அடியில் நீர் சொட்டி விழ ஒரு பள்ளம் வெட்டியிருப்பார்கள். காரை இருக்கும்வரை இது தாங்கும். மூட்டில் காரை உதிர்ந்துவிட்டால், உள்ளே போன நீர் இறங்கிய இடத்துக்கு நேர் கீழே வெளிப்படாது. கூரையின் உட்பகுதியில் இருக்கும் செங்கல்லையும் காரையையும் நனைத்து, வளைவின் முதுகில் ஓடி, ஏதோ ஒரு மூலையில் கறையாகத் தெரியும். கறை தெரிந்த இடத்தில் பூசிவிட்டு வேலை முடிந்தது என்று போவதுதான் மிகப் பரவலான தவறு. ஒழுகும் வாசலைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் சாரம் கட்டி மேலே ஏறி ஒவ்வொரு மூட்டையும் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். தரையிலிருந்து தொலைநோக்கியில் பார்த்து எழுதிய அறிக்கையை நம்பிப் பணம் ஒதுக்காதீர்கள்.

மூட்டுக்குள் தண்ணீர் போனால் அதைவிடப் பெரிய ஆபத்து இரும்பு. விக்டோரியா காலத்துக் கொத்தர்கள் கற்களை ஒன்றோடொன்று பிணைக்க இரும்புக் கவ்விகளைப் பதித்து, உருக்கிய ஈயத்தை ஊற்றி அடைத்தார்கள். ஈயம் முழுதாகச் சூழ்ந்திருக்கும்வரை இரும்பு பிழைத்திருக்கும். ஈயம் குறைந்த இடத்தில், நீரும் காற்றும் எட்டியவுடன் துரு பிடிக்கும். துரு, இரும்பு இருந்ததைப் போல ஆறேழு மடங்கு இடம் கேட்கும். அந்த அழுத்தத்தைச் சுண்ணாம்புக்கல் தாங்காது. கொடுங்கையின், அதாவது சுவர் உச்சியில் வெளியே நீண்டிருக்கும் கல் விளிம்பின், மூலைகளில், மேல்மூட்டிலிருந்து ஏறக்குறைய சம தொலைவில் பிளவுகள் வரிசையாகத் தெரிந்தால் அது வெயிலோ பனியோ செய்த வேலை அல்ல. கவ்விகள் கிடக்கும் இடத்தின் வரைபடம். உலோகம் கண்டறியும் கருவியால் ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டு, பிளந்த இடத்தில் கவ்வியை முழுதாக வெட்டி எடுத்து, 316 தர துருப்பிடிக்காத எஃகிலோ பாஸ்பர் வெண்கலத்திலோ மாற்றி வைக்க வேண்டும். பிளவை மட்டும் பிசினால் ஒட்டினால் துரு உள்ளே வளர்ந்துகொண்டே இருக்கும். அடுத்த முறை இன்னும் பெரிய சில்லாகப் பெயரும். நனையாத, பிளக்காத இடத்துக் கவ்விகளைத் தொட வேண்டாம். அவற்றை எடுக்கப் போய் நல்ல கல்லை உடைத்தவர்கள் உண்டு.

கல் மாற்றியே தீர வேண்டும் என்றால் படுகையை, அதாவது பாறை ஏடு ஏடாகப் படிந்த திசையை, கேளுங்கள். போர்ட்லாண்ட் கல் டார்செட் கடலோரத்துத் தீவிலிருந்து வருகிறது. அங்கே ஒரே சுரங்கத்தில் வெவ்வேறு அடுக்குகள் உண்டு. மழைபடும் இடத்துக்கு விட்பெட் அடுக்கு ஏற்றது. நுண்ணிய செதுக்குக்கு ஏற்ற பேஸ்பெட் அடுக்கை வெயில் மழைக்கு வெளியே வைத்தால் அவ்வளவு காலம் நிற்காது. சுவரில் கல் தன் இயற்கைப் படுகை கிடைமட்டமாக அமர வேண்டும். கொடுங்கையில் மட்டும் படுகை செங்குத்தாக, மூட்டுப் பக்கம் பார்த்திருக்க வேண்டும். படுகை முகப்பைப் பார்த்து நின்றால் கல் புத்தகத் தாள் போல ஏடு ஏடாக உரியும். ஒப்பந்தத் தாளில் "போர்ட்லாண்ட் கல்" என்று மட்டும் எழுதிக் கையெழுத்திடாதீர்கள். அடுக்கும் படுகைத் திசையும் அதில் இருக்கட்டும்.

இனி மூட்டு. இங்கேதான் சிமென்ட் வந்து சேர்கிறது. சிமென்ட் கலவை கல்லைவிடக் கெட்டி, நீராவியை விடாது. சுவருக்குள் போன ஈரம் வெளியேற மூட்டைத் தேடும். மூட்டு மூடியிருந்தால் கல் வழியாகவே வெளியேறும். வெளியேறும் இடத்தில் உப்பைப் படிகமாக்கி விட்டுப்போகும். அந்தப் படிகம் கல்லின் முகத்தைத் தள்ளி உதிர்க்கும். சில பத்தாண்டு கழித்துப் பார்த்தால் சிமென்ட் மூட்டுகள் வலைபோலப் புடைத்து நிற்கும், இடையில் கல் குழிந்து போயிருக்கும். மூட்டு தியாகம் செய்ய வேண்டியது, கல் நிற்க வேண்டியது. இது தலைகீழாகிவிட்டால் அந்தச் சுவர் கல்லைத் தின்றுகொண்டிருக்கிறது என்று பொருள்.

சரியான முறை மெதுவானது. பழைய காரையை உளியால், கையால், மூட்டின் அகலத்தைப் போல இரண்டு மடங்கு ஆழத்துக்கு எடுக்க வேண்டும். அகலமான மூட்டில் 25 மி.மீ.க்குக் குறையக் கூடாது. சுழல் வெட்டியைக் கொண்டுவந்தால் 3 மி.மீ. மூட்டு 6 மி.மீ. ஆகும், கல்லின் விளிம்பில் அந்தத் தழும்பு என்றைக்கும் மறையாது. தூசியை ஊதி, கல்லை நனைத்து, ஈரம் உறிஞ்சியபின் அடைக்க வேண்டும். கூரை போன்ற வெளிப்பட்ட இடத்துக்கு என்எச்எல் 3.5 எனப்படும், நீரில் இறுகும் இயற்கைச் சுண்ணாம்பு ஒரு பங்கு, கழுவிய கூர்மணல் இரண்டரைப் பங்கு. மெல்லிய மூட்டுக்கு மணல் நுழையாது. நீற்றி ஊறவைத்த சுண்ணாம்பு விழுதையும் சலித்த கல்தூளையும் சேர்த்துத்தான் அடைக்க வேண்டும். அடைத்தபின் ஈரச் சணல் சாக்கு போர்த்தி ஏழு நாளாவது காய விடாமல் வைத்திருக்க வேண்டும். வெப்பம் 5 பாகை செல்சியஸுக்குக் கீழே போனால் வேலையை நிறுத்த வேண்டும். உறைபனி பட்ட பச்சைச் சுண்ணாம்பு மாவாக உதிரும். லண்டனில் இந்த வேலைக்கு நம்பகமான காலம் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை. நிதியாண்டு மார்ச்சில் முடிகிறது என்பதற்காகப் பிப்ரவரியில் மூட்டு அடைக்கச் சொல்வது, அந்தப் பணத்தை மழையில் கரைப்பதற்குச் சமம்.

கூரையில் ஈயத் தகட்டு வாய்க்கால் இருக்கும் மண்டபங்களில் தகட்டின் நீளத்தை அளந்து பாருங்கள். ஈயம் சூட்டில் நன்றாக நீளும் உலோகம்: 3 மீட்டர் துண்டு, 50 பாகை வெப்ப மாற்றத்தில் 4 மி.மீ.க்கு மேல் நீண்டு சுருங்கும். இரண்டு பக்கமும் ஆணி அடித்து நீளத் துண்டாகப் போட்டால், நகர வழியில்லாமல் நடுவே மடிந்து, மடிந்த இடத்தில் கிழியும். வாய்க்காலுக்கு எண் 7 தகடு, அதாவது 3.15 மி.மீ. தடிப்பு, போட்டாலும் ஒரு துண்டு 2.5 மீட்டரைத் தாண்டக் கூடாது. துண்டுக்குத் துண்டு ஒரு சிறு படி இறக்கம் வேண்டும். ஒரு பக்கம் மட்டும் செப்பு ஆணி. கிழிந்த தகட்டின் மேல் தார் நாடா ஒட்டுவது அந்த மழைக்காலத்துக்கு மட்டும்தான். ஈயத் திருட்டு தொடர்ந்து நடக்கும் தோட்டத்தில் டெர்ன் என்ற உலோகப் பூச்சு கொண்ட துருப்பிடிக்காத எஃகுத் தகட்டைக் கேட்கலாம். அழகில் ஈயத்துக்கு ஈடாகாது. ஆனால் கூரையே இல்லாமல் ஒரு குளிர்காலம் போவதைவிட அது மேல்.

கூரையும் மூட்டும் சரியானபின் கதவைத் திறந்து உள்ளே வாருங்கள். பல மண்டபங்களின் கதவை, திருட்டுக்கும் சிதைப்புக்கும் பயந்து, செங்கல் வைத்தே அடைத்திருக்கிறார்கள். அச்சம் நியாயமானது, மருந்துதான் தவறு. கட்டியவர்கள் கதவில் துளையிட்ட உலோகக் கிராதியும், எதிர்ச் சுவரின் மேல் ஒரு சாளரத் துளையும், சில இடங்களில் தரையோரம் சிறு வாய்களும் வைத்தது அலங்காரத்துக்காக மட்டுமல்ல. கனத்த கல் குளிர்காலத்துக் குளிரை மே மாதம்வரை வைத்திருக்கும். வெளிக்காற்று 18 பாகை வெப்பமும் 70 சதவீத ஈரப்பதமும் கொண்டிருந்தால், 12 பாகையில் இருக்கும் சுவரில் பட்டவுடன் நீர் முத்துமுத்தாகக் கோக்கும். இதைத் தவிர்க்க முடியாது. கோத்த நீர் உலர்ந்து போக வழி இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இரண்டு எதிர்த் துளைகளும் திறந்திருந்தால் காற்று கடந்து போய் உலர்த்தும். அடைத்துவிட்டால், அந்த ஈரம் ஆண்டு முழுவதும் உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

அப்படிச் சுற்றும் ஈரம் முதலில் தின்பது மொசைக்கை. பொன் மொசைக் வில்லை என்பது இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே வைத்த மெல்லிய பொன் ரேக்கு. மேல் கண்ணாடி மிக மெல்லியது. பின்னாலிருந்து உப்பும் ஈரமும் தள்ளும்போது அந்த மெல்லிய ஏடு உரிந்து, பொன்னும் அதோடு போய்விடும். அல்லது படுகைக் காரை சுவரை விட்டுப் பிரிந்து, ஒரு பரப்பே ஒரு நாள் கழன்று விழும். விரல் முட்டியால் மெல்லத் தட்டினால் பிரிந்த இடம் பொள்ளல் ஒலி தரும். அதை வரைபடத்தில் குறித்து, மெல்லிய ஜப்பானியத் தாளைக் கரைத்தெடுக்கக் கூடிய பசையால் முகத்தில் ஒட்டிப் பிடித்துக்கொண்டு, பின்னே நீர்த்த சுண்ணாம்புக் குழம்பை ஊசியால் செலுத்த வேண்டும். இதையெல்லாம் கூரை ஒழுக்கு நின்று ஓராண்டாவது உலர்ந்த பிறகு செய்யுங்கள். ஈரச் சுவரில் செய்த மொசைக் வேலை நிற்காது. கூரைக்கு முன் மொசைக்குக்குச் செலவழிக்க வேண்டாம் என்று நாங்கள் வற்புறுத்துவதும் இதனால்தான்.

பியர் மண்டபத்தின் உள்ளே நெடுங்காலம் புறாக்கள் குடியிருந்து எச்சம் குவிந்து கிடந்தது. பிறகே அது மீட்கப்பட்டது. எச்சம் அருவருப்பு மட்டுமல்ல. அதில் உள்ள உப்புகள் கல்லில் ஊறும். உலர்ந்த தூசி நுரையீரலைத் தாக்கும் நோய்களைப் பரப்பும். துடைப்பத்தால் பெருக்கவே கூடாது. நீர் தெளித்து நனைத்து, நுண்தூசியைத் தடுக்கும் பி3 தர முகமூடி அணிந்து, மரக் கரண்டியால் அள்ளிப் பையில் கட்ட வேண்டும். அதன்பின் துளைகளுக்கு 50 மி.மீ. கண் உள்ள எஃகு வலை போதும். புறா நுழையாது, காற்று நுழையும். ஆனால் வலை கட்டுமுன் உள்ளே வௌவால் இருக்கிறதா என்று தகுதி பெற்றவரைக் கொண்டு பார்க்க வேண்டும். வௌவாலின் தங்குமிடத்தை அடைப்பது இங்கிலாந்தில் குற்றம். ஹைகேட்டில் ‘எகிப்திய வீதி’ என்று வழங்கும் பாதையின் கல்லறை அறைகளில் 2013இல் அப்படி வௌவால் தேடப் போனபோதுதான் மெட்டா போர்னெட்டி என்ற அரிய குகைச் சிலந்தி அங்கே வாழ்வது தெரியவந்தது. முழு இருட்டில் மட்டும் வாழும் உயிர் அது. பார்வையாளர் வசதிக்காக ஒரு விளக்கைப் பொருத்தினாலே அதற்கு வாழ்விடம் போய்விடும். இருட்டும் இந்தக் கட்டடங்களின் ஒரு பகுதிதான்.

உள்ளே இருப்பவர்களைப் பற்றியும் பேச வேண்டும். தரைக்கு மேலோ நிலவறையிலோ தட்டில் வைக்கும் சவப்பெட்டி மூன்று உறை கொண்டது: உள்ளே மரம், நடுவே பற்றவைத்த ஈயம், வெளியே துணியும் பித்தளை ஆணியும் பதித்த மரம். மரத்திலிருந்து, முக்கியமாக ஓக் மரத்திலிருந்து, கசியும் அமில ஆவி ஈயத்தை அரித்து வெள்ளைப் பொடியாக்கும். அந்தப் பொடி நஞ்சு. தட்டின் கல்மூடி விழுந்து, ஈயப் பெட்டி வெளியே தெரிந்தால் தொடாதீர்கள், நகர்த்தாதீர்கள், பிதுங்கியிருந்தால் துளையிடவே கூடாது. பகுதியை மூடிவிட்டு, தட்டின் வாயைச் சுண்ணாம்புக் காரையில் வைத்த கல்லாலோ செங்கல்லாலோ மறுபடி அடைப்பதே மரியாதையும் பாதுகாப்பும். இறந்தவர்களின் உடல் எச்சங்களை இடம் மாற்ற நேர்ந்தால் 1857 புதைப்புச் சட்டத்தின்படி அரசின் உரிமமோ, திருநிலைப்படுத்திய மண்ணாக இருந்தால் திருச்சபையின் அனுமதியோ வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் ஆகும் என்பதை வேலைத் திட்டத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

வெளியே செடிகொடிகள். ஐவிக் கொடியைப் பிடித்து இழுக்காதீர்கள். வேரோடு கல்லின் முகமும் வரும். அடித்தண்டில் ஒரு சாண் நீளம் வெட்டி எடுத்துவிட்டு, மேலே உள்ளது தானாகக் காய்ந்து சுருங்க ஓரிரண்டு குளிர்காலம் விட்டு, பிறகு கத்தரித்து எடுக்க வேண்டும். பறவைகள் கூடு கட்டும் மார்ச் முதல் ஆகஸ்ட் வரை இதைத் தொடக்கூடாது. கூரை மூட்டில் முளைத்த சிக்கமோர் கன்று விரல் தடிப்பில் இருக்கும்போதே போக வேண்டும். மணிக்கட்டுத் தடிப்பானால் கல்லைக் கழற்றாமல் எடுக்க முடியாது. பக்கத்தில் நிற்கும் பெருமரம் வேறு விஷயம். களிமண் நிலத்தில் அது உறிஞ்சும் நீரால் மண் சுருங்கி மண்டபம் சாயும் என்பது உண்மைதான். ஆனால் மரத்தை ஒரே நாளில் வெட்டினால் மண் நீர் குடித்து உப்பி அடித்தளத்தைத் தூக்கும். அளவுக்கோடுகள் வைத்து ஓராண்டாவது சாய்வை அளந்தபின் முடிவு செய்யுங்கள். இதைவிட மலிவான வேலை ஒன்று உண்டு: இலைமக்கு சேர்ந்து உயர்ந்துபோன மண்ணை, சுற்றிலும் உள்தரை மட்டத்துக்கு 150 மி.மீ. கீழே வரும்வரை வாரி எடுப்பது. இரண்டு பேர், இரண்டு மண்வெட்டி, ஒரு வாரம். நிலவறை ஈரம் இதிலேயே பெருமளவு குறையும்.

வெளுப்பது பற்றிக் கடைசியாகவே எழுதுகிறோம், அதன் இடம் கடைசி என்பதால். போர்ட்லாண்ட் கல்லில் மழை கழுவும் பக்கம் வெண்மையாகவும், கொடுங்கையின் அடிப்பக்கம் கருப்பாகவும் இருக்கும். நிலக்கரிப் புகையின் கந்தகம் சுண்ணாம்புக்கல்லை ஜிப்சமாக்கி, கரியைப் பிடித்து வைத்த மேலோடு அது. 1956 தூய காற்றுச் சட்டத்துக்குப் பின் புகை குறைந்தது. பழைய மேலோடு நின்றுவிட்டது. கொப்புளித்து உதிரும் இடத்தில் நுண்ணிய நீர்த்தூவலால் மென்மையாக்கி எடுக்கலாம்; அதுவும் மூட்டுகள் அடைத்த பிறகு மட்டும். இல்லையென்றால் அந்தத் தூவல் நீர் முழுவதும் உள்ளே போகும். அமிலம் சுண்ணாம்புக்கல்லைக் கரைக்கும். மணல் வீச்சு எழுத்தையும் செதுக்கையும் தேய்க்கும். தமிழ்நாட்டுக் கோயில் கல்வெட்டுகள் மணல் வீச்சில் மழுங்கியதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மேற்கு நார்வுட்டில் ஹென்றி டோல்டனுக்கும் ஹென்றி டேட்டுக்கும் உள்ள மண்டபங்கள் சுட்ட மண்ணால் ஆனவை. சூளையில் சுட்டபோது உண்டான மெல்லிய தோல்தான் அதற்குக் கவசம். அந்தத் தோல் போனால் உள்மண் மழையைக் குடிக்கும். அவற்றின் மேல் எந்த வீச்சுக் கருவியையும் அனுமதிக்காதீர்கள்.

உரிமை பற்றி ஒரு சொல். மண்டபம் கட்டியவரின் வாரிசுக்கு, நிலம் தோட்டத்துக்கு. வாரிசு கிடைக்கவில்லை என்றால் யாரும் தொடுவதில்லை. ஆனால் வாரிசைத் தேடும் காலத்தில் கூரை காத்திருக்காது. தற்காலிகத் தகரக் கூரை, புறா வலை, மண் வாருதல் போன்ற, எளிதில் நீக்கக்கூடிய வேலைகளுக்கு அனுமதி வாங்குவது கடினமல்ல. அரசின் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள கட்டடமாக இருந்தால் பகுதி மன்றத்தின் பாதுகாப்பு அலுவலரிடம் முதலில் எழுதிக் கேளுங்கள். 1997இல் தொடங்கிய மசோலியம் மற்றும் நினைவுச்சின்ன அறக்கட்டளை இத்தகைய அநாதை மண்டபங்களை ஏற்றுப் பார்த்துக்கொள்ளும் அமைப்பு, அவர்களையும் கேளுங்கள்.

இந்த ஆண்டுக்கு நாங்கள் கேட்பது இவ்வளவு: உங்கள் தோட்டத்தில் ஒவ்வொரு மண்டபத்துக்கும் ஒரு தாள். அதில் கூரை மூட்டுகளைக் கையால் தொட்டுப் பார்த்த தேதி, தகட்டின் நிலை, திறந்திருக்கும் காற்றுத் துளைகளின் எண்ணிக்கை, சுற்று மண்ணின் மட்டம், சாவி யாரிடம் இருக்கிறது என்பது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை அதே தாளில் அடுத்த வரி. அக்டோபர் இலை உதிர்வுக்குப் பின், டிசம்பருக்கு முன், ஒருவர் ஏணியோடு போய் வாய்க்கால்களை வாரிவிட்டு வர வேண்டும். அந்த ஒருவரின் சம்பளத்தை இந்த ஆண்டு வரவுசெலவில் எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
பழங்கட்டடங்களில் சுண்ணாம்பும் கல்லும் ஈயமும் கையாள்வோர்